டிரைவர் கேட்ட இரவல் கடிகாரம்

திருப்பூரில் பொன்னுரங்கம் என்று ஒரு பனியன் கம்பெனி முதலாளி இருந்தார். பெரிய கம்பெனிக் கடிகாரமெல்லாம் அவர் கைக்கு ஆகாது. சுவிட்சர்லாந்தில் ஒருத்தர், ஜப்பானில் ஒருத்தர், தனி ஆளாக உட்கார்ந்து கையாலேயே செய்த கடிகாரங்கள் இரண்டை வரவழைத்திருந்தார். ஒன்று நீல முகம், இன்னொன்று வெள்ளை முகம். வருகிறவர்களிடம் எது உசத்தி என்று கேட்பார். நீலம் என்றால் வெள்ளை என்பார். வெள்ளை என்றால் நீலம் என்பார். அப்புறம், "உனக்கெங்கே தெரியப்போகுது?" என்று சிரிப்பார்.

ஒருநாள் விருந்தாளிகள் கூடியிருக்க, இரண்டையும் மேசைமேல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது டிரைவர் அங்கப்பன் வந்து நின்றான்.

"மகளுக்கு நாளைக்கு வளைகாப்புங்க. லீவு வேணுமுங்க."

"இதுல எது உசத்தின்னு சொல்லிட்டுப் போ. தப்பாச் சொன்னா லீவு கிடையாது."

அங்கப்பன் இரண்டையும் பார்த்தான். "சொல்றேனுங்க. அதுக்கு முன்னால ஒரு உதவிங்க. சம்பந்தி முன்னால மொட்டைக் கையோட நிக்கக் கூச்சமா இருக்குதுங்க. இதுல ஒண்ணை நாளைக்கு மட்டும் இரவல் குடுங்க" என்று கையை நீட்டினான்.

முதலாளியின் கை பாய்ந்து போய் நீலத்தை மூடிக்கொண்டது.

"அதுதானுங்க உசத்தி" என்றான் அங்கப்பன்.

விருந்தாளிகள் குலுங்கிச் சிரித்தார்கள். வெள்ளைதான் உசத்தி என்று முதலாளி சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு நீலத்தின் மேலிருந்து கையை எடுக்கவேண்டுமே!

"சரி, போய்ட்டு வா."

"அப்ப அந்த மட்டமானதைக் கட்டிக்கறேனுங்க."

மறுநாள் வளைகாப்பில், சம்பந்தி கேட்காமலேயே அங்கப்பன் அவருக்கு மணி சொல்லிக்கொண்டே இருந்தான்.