உப்பளத்து வளைவு

முன்பக்கம் இடப்புறம் போனால் பின்பக்கம் வலப்புறம் போகும். முன்பக்கம் வலப்புறம் போனால் பின்பக்கம் இடப்புறம் போகும். இரண்டும் ஒரே வண்டிதான். அது என்ன வண்டி, சொல்லுங்கள் பார்ப்போம்.

பொன்னுத்துரைக்கு விடை தெரியும். பின்னால் எடுக்கும் டிரெய்லர் லாரி. அதற்குள்தான் அவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

இருபது வருடம் சாதாரண லாரி ஓட்டிய கை அவருடையது. ஐம்பது வயதில் டிரெய்லர் பழக எஸ்தரிடம் வந்து சேர்ந்தார். எஸ்தர் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறவர்.

உப்பளத்துக்குள் போகும் பாதை ஒரு வண்டி அகலம்தான். கடைசியில் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் உப்புக் குவியல். அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னால் எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

வளைவின் உள்பக்கம், உப்பு விளைவிக்கும் வெயிலுகந்தாளின் பாத்தி. நாற்பது நாள் வெயிலில் விளைந்த உப்பு அதில் கிடந்தது. சக்கரம் வரப்பை உடைத்தால் சேறு இறங்கி அத்தனையும் வீண். போன வாரம் பொன்னுத்துரையின் சக்கரம் அந்த வரப்பில் ஒரு கை அகலம் சரித்துவிட்டிருந்தது. வெயிலுகந்தாள் திட்டவில்லை; மண்ணை அள்ளி அப்பினாள். அன்றிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நாளை முதல் அவர் தனியாக வர வேண்டும்.

“டீச்சர், முன்னால எடுக்காம ஒரே மூச்சுல வளைவைத் தாண்டுறது எப்படி?”

“இறங்குங்க அண்ணாச்சி” என்றார் எஸ்தர்.

ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி பின்னால் வந்தது. நின்றது. கொஞ்சம் முன்னால் போய் நேரானது. மறுபடி பின்னால் வந்தது. அப்படியே குவியல்வரை போய், திரும்ப வெளியே ஓட்டி வந்து நிறுத்தினார்.

“டீச்சர், மூணு தடவை முன்னால எடுத்தீங்களே!”

“நாலு அண்ணாச்சி. ஒண்ணை நீங்க பாக்கல.”

எஸ்தர் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார். பொன்னுத்துரை ஏறினார்.

குவியல் பக்கம் சுமை ஏற்றுகிறவர்கள் கூடிவிட்டார்கள். “வா, வா! ஒடி, ஸ்டியரிங்கை நல்லா ஒடி!” என்றார்கள். ஒருவன் இடப்புறம் கை காட்டினான், இன்னொருவன் வலப்புறம். அவர் பின்னால் எடுத்தார், முன்னால் போனார், மறுபடி பின்னால் எடுத்தார். ஐந்து முறை ஆயிற்று.

“இன்னொரு தடவை முன்னால போனீங்கன்னா ஊருக்கே போய்ச் சேந்துரலாம் அண்ணாச்சி!” என்று அவர்களில் சூசை என்பவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

பொன்னுத்துரையின் காது சூடானது. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார். வரப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே நான்கு விரல் இடம். பாதி வளைவு தாண்டியாகிவிட்டது. பாத்திக்குள் வெயிலுகந்தாள் நிற்கிறாள் என்று முதலில் நினைத்தார். இல்லை, வரப்பில்தான் நின்றாள். சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இப்படியே ஒடிச்சா வந்துரும்தானே?”

“வந்தாலும் வரும்.”

“வரலைன்னா?”

“அவங்க சிரிப்பு சாயங்காலம் வரைக்கும்தான் அண்ணாச்சி. பாத்தி யாருது?”

சூசை விசிலடித்தான். “ஒடிங்க அண்ணாச்சி, என்ன பயம்!”

பொன்னுத்துரை கியரை மாற்றி, ஆறாவது முறையாக வண்டியை முன்னால் எடுத்தார்.