சமையற்கட்டுச் சுவரும் காஞ்சொறியும்

இந்தக் கதையை நான் நேரில் கேட்டதில்லை. ஸ்காட்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கும் என் அத்தை மகள் பூரணி, அங்கே தன்னோடு வேலை செய்யும் ஒருத்தி சொன்னதாகத் தொலைபேசியில் சொன்னாள். இடையில் எது விடுபட்டது என்று தெரியாது. வந்து சேர்ந்தபடியே தருகிறேன்.

அந்தக் காலத்தில் செடிகளுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. காஞ்சொறிக்கு அப்போது தொட்டால் சுடுகிற சுணை கிடையாது. அதன் இலை கன்றுக்குட்டியின் காது போல மெத்தென்று இருக்கும். கடலைப் பார்த்த குன்றின்மேல் ஒரு கோட்டை. அதன் சமையற்கட்டுச் சுவரை ஒட்டி அது வளர்ந்தது.

கோட்டைப் பிரபு சண்டையில் தோற்றுத் தெற்கே போய்விட்டார். கூரை விழுந்தது. ஒவ்வொன்றாகச் சுவர்கள் சரிந்து, கடைசியில் முழுசாக நின்றது சமையற்கட்டுச் சுவர்தான். அதன் புகைபோக்கிக்குள் சாம்பல் கழுத்துக் காக்கை ஒன்று குஞ்சு பொரித்திருந்தது.

அடிவாரத்துப் பண்ணையின் வேலைக்காரி ஈஷ்பல் வசந்தம்தோறும் வருவாள். காஞ்சொறியின் கொழுந்தைக் கிள்ளி, கஞ்சியில் போட மடியில் கட்டிக்கொள்வாள். கிள்ளும்போது பேச்சுக் கொடுப்பாள்.

"இந்தக் கல்லைக் கடற்கரையிலிருந்து சுமந்தது என் பாட்டனுக்குப் பாட்டன். முதுகு நிமிராமலே செத்தாராம். வாசலில் இருப்பது பிரபுவின் பெயர்."

அவள் விரல் படுவது காஞ்சொறிக்குப் பிடிக்கும்.

ஒருநாள் அந்தப் பண்ணையின் சொந்தக்காரன் ஃபெர்கஸ் இரண்டு கூலியாட்களோடு மாட்டுவண்டியில் வந்தான். அவனுக்கு ஆட்டுப்பட்டி கட்டக் கல் வேண்டும். இங்கே கல் எடுக்கக் கூடாது என்று ராஜாவின் ஆட்கள் ஒரு பலகை அடித்து வைத்திருந்தார்கள். அதைப் பிடுங்கச் சொல்லி, வண்டித்தட்டில் உடைந்திருந்த இடத்தில் போடவைத்து, அதன்மேலேயே கல்லை ஏற்றினான்.

"அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்தாயா?" என்றது காஞ்சொறி.

"பார்த்தேன். நல்ல ஓக் மரம்."

"இது சுமந்தவர்களின் சுவர்."

"நீ களை. களைக்கு எதற்குக் கோட்டைக் கவலை? நாளைக்கு இந்தச் சுவரைச் சாய்க்கிறேன். உன்னைத்தான் முதலில் பிடுங்க வேண்டும்."

வண்டி போனது. காக்கைக் குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. காஞ்சொறிக்குக் கோபம் பொங்கியது.

மறுசரிவில் ஊதாப்பூ முட்செடி நின்றது. நாட்டின் சின்னமே அதுதான். "உன்னிடம் முள் இருக்கிறதே, வந்து வழியை மறியேன்" என்று காஞ்சொறி கூவியது.

"நான் ராஜமுத்திரையில் இருப்பவன். எதிரிப்படை வந்தால் சொல். ஆட்டுப்பட்டித் தகராறுக்கெல்லாம் நான் இறங்கினால் நன்றாகவா இருக்கும்? மேலிடத்துக்கு எழுதிப் போடு."

"பதில் வருவதற்குள் சுவர் இருக்காது."

"அப்படியானால் நினைவுக் கூட்டம் நடத்து. தலைமை தாங்க வருகிறேன்."

புகைபோக்கியிலிருந்து காக்கை எட்டிப் பார்த்தது. "கல்லைப் பிடித்திருக்கும் சுண்ணாம்பு காளவாயில் வெந்தது. அந்தச் சூடு இன்னும் சுவருக்குள் இருக்கிறது. வேரை விட்டு உறிஞ்சிக்கொள். தொடுகிறவன் கை வெந்துபோகும். ஆனால் ஆள் பார்த்துச் சுட அதற்குத் தெரியாது."

"ஈஷ்பல் வருவாளே."

"குஞ்சுகளை வைத்துக்கொண்டு நான் அதற்குப் பதில் சொல்ல முடியாது."

காஞ்சொறி உறிஞ்சியது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் பொத்துப்போகுமே, அப்படி அதற்கு உடம்பெல்லாம் பொத்தது. இலை முழுக்கச் சுணை எழுந்தது. ஃபெர்கஸின் கை வரட்டும் என்று காத்திருந்தது.

காலையில் வண்டி வந்தது. ஃபெர்கஸ் இறங்கவில்லை. "அந்தக் களையைப் பிடுங்கிப் போடு" என்று, கடப்பாரை தூக்கி வந்தவளிடம் சொன்னான். வந்தவள் ஈஷ்பல்.

"தொடாதே" என்று காஞ்சொறி சொல்வதற்குள் அவள் கை பட்டுவிட்டது. உள்ளங்கை கொப்புளமாகத் தடித்தது.

"களைக்குக்கூட உன்னைப் பிடிக்கவில்லை, பார்" என்று ஃபெர்கஸ் சிரித்தான்.

ஈஷ்பல் செடியையே பார்த்தாள். "எனக்கா இது?"

"அவனுக்கு வைத்திருந்தேன்."

"அவன் எதைத் தன் கையால் தொட்டிருக்கிறான்? நேற்றும் பார்த்தாய்தானே? பிடுங்குவது நாங்கள், சுமப்பது நாங்கள். இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டும் உனக்கு அது தெரியவில்லையா?"



அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள். "ஐயா, நீங்களே வந்து பிடுங்குங்கள்."

"யாரிடம் பேசுகிறாய் என்று தெரிகிறதா?"

"தெரிகிறது. இந்தச் சுவருக்கு இனி என் கை வராது. கூலியாட்களைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கும் இந்தக் கையைக் காட்டுகிறேன்."

ஃபெர்கஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். இரண்டு எட்டு வைத்ததும் காஞ்சொறி காலில் உரசி, முழங்கால்வரை தீப்பிடித்ததுபோல் எரிந்தது. வண்டியில் ஏறியவன், மாட்டை அடித்து விரட்டிக்கொண்டு போய்விட்டான். சுவர் நின்றது.

ஈஷ்பல் காஞ்சொறியை மன்னிக்கவில்லை. முந்தானைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, முன்னைவிட முரட்டுத்தனமாகக் கொழுந்தைக் கிள்ளினாள். "உன் கோபம் கொதிக்கிற பானையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கலாம்" என்றாள். அதற்கு மேல் அதனோடு பேசவில்லை.

இடிந்த கோட்டைகளைச் சுற்றிக் காஞ்சொறி அடர்ந்து நிற்பதும், தொட்டவர் யாரானாலும் சுடுவதும், அந்தப் பக்கத்துப் பெண்கள் கையில் துணி சுற்றி அதைக் கிள்ளுவதும் அன்று முதல்தான்.

பிறகு தேடிப் படித்துப் பார்த்தேன். மனிதர்கள் நெடுங்காலம் குடியிருந்த மண்ணில் எலும்பும் சாம்பலும் சாணமும் மக்கிப் பாஸ்பரஸ் தங்கிவிடுகிறது. ஆட்கள் போய்ப் பல தலைமுறை ஆன பிறகும் காஞ்சொறி அந்த மண்ணில் செழிக்கிறது. தொல்லியல் ஆய்வாளர்கள் அதை ஓர் அடையாளமாகக் கொள்வதுண்டு. கோட்டை இருந்த இடத்துக்கு மட்டுமல்ல, குடிசை இருந்த இடத்துக்கும்.