அடைக்கு வைத்த கோல்ஃப் பந்து

மேகம் தினமும் வந்து மேய்ந்துவிட்டுப் போகும் ஒரு மலையூரில் கோல்ஃப் கிளப் ஒன்று இருந்தது. அங்கே மட்டைப் பை தூக்க மூன்று பேர்: சவரிமுத்து, தங்கையா, நாயகம். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று உண்டு. அது இன்றைக்கு யார் முறை என்பதில்தான் அடிக்கடி குழப்பம் வரும். மூத்தவர் என்பதால் பொறுப்பு மட்டும் எப்போதும் சவரிமுத்துவின் தலையில்.

கிளப்பின் பழைய உறுப்பினர் மேஜர் ராஜரத்தினத்துக்கு எண்பது வயது. புதுப் பந்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"இதெல்லாம் ஒரு பந்தாடா? வெட்டினா உள்ள வெறும் கட்டி. எங்க காலத்துப் பந்துல நடுவுல ஒரு சின்னப் பை, அதுக்குள்ள கொழகொழன்னு தண்ணி. அதைச் சுத்தி கெஜக்கணக்குல ரப்பர் நூல். மேல மெல்லிசா ஒரு ஓடு. தப்பா அடிச்சா வாயைப் பிளந்துரும். பந்துன்னா கொஞ்சமாவது ரோஷம் வேணாமா?"

அந்த ரோஷக்காரப் பந்தில் கடைசி ஒன்று அவரிடம் இருந்தது. நாற்பது வருஷமாகப் பூட்டி வைத்திருந்தார். வரும் சனிக்கிழமை டாக்டர் செரியனோடு ஆட்டம். அதற்காக வெளியே எடுத்து, செவ்வாயன்றே சவரிமுத்துவிடம் கொடுத்தார்.

"பழைய பந்துக்குக் குளிர் ஆகாது, விறைச்சுப்போயிரும். என் வீடு ஐஸ் பெட்டி. நீ கொண்டுபோய் சனிக்கிழமை வரைக்கும் கதகதன்னு வெச்சிரு. சூடு ஒரே மாதிரி இருக்கணும். ஒரு கீறல் விழுந்தாலும் உனக்கு இங்க வேலை கிடையாது."

சவரிமுத்து பந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இந்த வேலையைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. இந்த வேலையும் சுமாராகத்தான் தெரியும்.

முதலில் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். புதன்கிழமை காலை கிளப் செயலாளர் எதிரே வர, கையைத் தூக்கி சலாம் வைத்தார். பந்து விழுந்தது. நல்லவேளையாகச் செயலாளரின் கால்விரலில் விழுந்ததால் பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே மூவர் கூட்டம் கூடியது.

"இட்லிப் பானையில வெச்சிருவோம்ணே," என்றான் தங்கையா.

"வெந்துரும்," என்றான் நாயகம். அன்றைக்கு அவன் முறை போலிருக்கிறது, மேலும் யோசித்தான். "அண்ணே, உள்ள கொழகொழன்னு இருக்கு. மேல ஓடு இருக்கு. வெள்ளையா இருக்கு. கதகதப்பு கேக்குது. இது என்னங்கிறீங்க?"

மூவரும் நெடுநேரம் பந்தைப் பார்த்தார்கள்.

"அப்ப புதுப் பந்து மட்டும் ஏன் உள்ள கெட்டியா இருக்கு?" என்று கேட்டார் சவரிமுத்து.

"அது அவிச்சதுண்ணே. தூரத்துலேருந்து வருதுல்ல, கெட்டுப்போகாம இருக்கணும்னு அவிச்சு அனுப்புறாங்க."

மேஜரின் மனக்குறை சவரிமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. பாவம், பெரிய மனுஷர், இத்தனை வருஷமாக அவித்ததையே அடித்துக்கொண்டிருக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டார்.

நாயகம் வீட்டில் ஒரு சிவப்புக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் பந்தை வைத்தார்கள். கோழி ஒரு முறை நகர்ந்து உட்கார்ந்தது, வேறு கேள்வி கேட்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த ஆட்களிலேயே பொறுப்பானது அதுதான்.

சனிக்கிழமை காலை. கடைசி நிமிஷம் வரை சூடு குறையக்கூடாதே. அதனால் கோழியும் கூடையில் மைதானத்துக்கு வந்தது. கோழியிடம் நான்கு கொத்து வாங்கி, சவரிமுத்து பந்தை எடுத்து நீட்டினார். மேஜர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"அப்படியே கதகதன்னு இருக்கேடா. எப்படிடா வெச்சிருந்தே?"

"அதுக்குன்னு ஆள் போட்டிருந்தேங்க."

மேஜர் மட்டையை ஓங்கி அடித்தார். மட்டையின் நுனி பட்டு, பந்து முப்பதடி உருண்டு புல்லில் நின்றது. கூடைக்குள்ளிருந்த கோழி இதைப் பார்த்தது. ஒரே தாவு தாவி, கொக்கரித்துக்கொண்டே ஓடிப்போய்ப் பந்தின் மேல் உட்கார்ந்துவிட்டது.

"பந்து எப்படிக் கிடக்கோ அப்படியே அடிக்கணும் மேஜர். விதி விதிதான்," என்றார் டாக்டர் செரியன், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

"கோழியை விரட்டுங்கடா," என்றார் மேஜர்.

தங்கையா தயங்கினான். "கோழி எந்திரிச்சா பந்து ஆறிப்போயிருமேங்க. சூடு ஒரே மாதிரி இருக்கணும்னீங்களே."

"சரி, அது எப்பதாண்டா எந்திரிக்கும்?"

நாயகம் விரல் விட்டு எண்ணினான். "புதன்கிழமை வெச்சதுங்க. இருபத்தோரு நாள் கணக்கு. இன்னும் பதினெட்டு நாள்தான்."

மேஜர் கையிலிருந்த மட்டை கீழே விழுந்தது. டாக்டர் செரியன் நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

சவரிமுத்துவின் முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. பதினெட்டு நாள் கழித்து வரப்போகும் ஆபத்து அவருக்கு இப்போதுதான் உறைத்தது. மெல்ல மேஜரிடம் வந்து கைகட்டி நின்றார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். குஞ்சு உள்ளேருந்து ஓட்டைக் கொத்திக்கிட்டு வெளிய வந்துச்சுன்னா, அது கீறல்ல சேருமாங்க?"