தேயாத கோடு

"மேடம், இந்த எலிங்க என்னைப் படம் எடுக்கவே விடாதுங்க" என்றார் தேவசகாயம்.

வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் விடுப்புப் போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். வழிகாட்டி பர்வீன் அவரைவிட ஒன்பது வயது இளையவர். விடுப்பு முடிய இருபது நாள்தான் இருந்தது. அதற்குள் ஒரு நல்ல படம் கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை.

எலியை மயக்கி, வால் நரம்பில் மருந்து ஏற்றி, படம் எடுக்கும் இயந்திரத்தின் காந்தத்துக்குள் வைக்க வேண்டும். ஈரலில் ஃப்ரீ ரேடிக்கல்கள் என்னும் வேதித் துகள்கள் செய்யும் அட்டூழியத்தை அந்த மருந்து காட்டிக்கொடுக்கும். மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது திரையில் ஒரு கோடாக வரும்.

"கோடு ஏறுது, உடனே சரியுது. பத்து நிமிஷத்துல ஒண்ணுமே இல்ல."

"உடம்பு மருந்தைத் தின்னுது சார்."

"தின்னாம இருக்க வழி இல்லையா?"

பர்வீன் எலிக் கூண்டின் பக்கம் பார்த்தார்.

"இருக்கு. அது வேணாம்."

"அது போக, மூச்சு விடுறப்பல்லாம் படம் ஆடுது."

"மூச்சு விடும்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தேவசகாயம் முதலில் இயந்திரத்தைத் திட்டினார். பிறகு மருந்தை. கடைசியில் எலியின் மூச்சை. மூச்சைக் குறைப்பது மட்டும் அவர் கையில் இருந்தது. மறுநாள் காலை மயக்க வாயுவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

பதினோரு மணிக்குப் பர்வீனின் அறைக்கு ஓடி வந்தார்.

"மேடம், வாங்க! படம் ஆடவே இல்ல. கோடும் தேயாம அப்படியே நிக்குது!"

மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பர்வீன் திரையைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் காந்தத்துக்குள்ளிருந்து எலியை எடுத்தார். அதன் மார்பில் ஒரு விரலை வைத்தார். பிறகு அதைத் தேவசகாயத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது.

தேவசகாயத்துக்கு அழுகை வந்தது. எலிக்காகவா பட்டத்துக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. அதுவே பெரிய வெட்கமாக இருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் எந்த உயிர் போனாலும் பதிவேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். பர்வீன் பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினார்.

"எத்தனை மணிக்குப் போச்சு?"

"தெரியல மேடம். கவனிக்கல."

"கவனிச்சிருக்கீங்க சார்."

மேசை மேல் கிடந்த அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பினார் பர்வீன். அன்றைய பக்கத்தின் கடைசி வரி அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

"10.42. கோடு தேய்வது நின்றுவிட்டது. தேவனுக்கு ஸ்தோத்திரம்."