உயரத்தில் விட்ட மடிப்பு

குரு என்றால் தாடி வேண்டும், ஆற்றங்கரை வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கதையின் குருவுக்கு நாற்பத்தொரு வயது. பெயர் லில்லி புஷ்பம். கழுத்தில் இஞ்ச் டேப். திருச்சி மேலப்புதூரில் லேடீஸ் டெய்லர் கடை. துணி வெட்டுகிறவரை அந்தத் தொழிலில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே அவரும் மாஸ்டர்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. தைக்கிறவர்கள் எதையும் உடுத்திக்கொண்டு வரலாம். மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்காமலே துணி வெட்டலாம் என்கிற தகுதி வந்தவர்கள் மட்டும் சேலைக்கு மேல் நீலக் கோட்டு போடுவார்கள். சாக்பீசுக்கு ஒரு பை, டேப்புக்கு ஒரு பை. எட்டுப் பேர் இருந்த கடையில் இரண்டு பேருக்குத்தான் அந்தக் கோட்டு.

அம்சவேணி அங்கே சிஷ்யையாகச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு. குருவைவிட ஏழு வயது மூத்த சிஷ்யை.

அதற்கு முன் இருபது வருடம் எல்.கே.ஜி. டீச்சர். பிடித்துப் போய்ச் சேர்ந்த வேலை இல்லை. பிள்ளைகள் கிளம்பும்போது கிளம்பி, அவர்கள் திரும்பும்போது திரும்பலாம். அவர்களுக்கு லீவு என்றால் தனக்கும் லீவு. மாலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் உடுப்பு தைப்பாளே, அது பிடித்த வேலை. மகன் புனேவுக்குப் போனான். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். இந்த மணி இனி யாருக்காக அடிக்கிறது என்று ஒருநாள் ப்ரேயர் நடுவில் தோன்றியது. ஏப்ரலில் ராஜினாமா கொடுத்தாள்.

கரஸ்பாண்டன்ட் அதை வாங்கி டிராயரில் போட்டு மூடினார். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் உங்கள் இடம் இருக்கும், தெளிந்ததும் வாருங்கள் என்றார், காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரலில். வீட்டுக்காரர், உன் இஷ்டம் என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

மாஸ்டர் அவளை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஊர் கூப்பிடுவது போல டீச்சர் என்றே கூப்பிட்டார்.

முதலில் பேப்பரில் வெட்டச் சொன்னார். பிறகு துணியில். முதல் துணி பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுடையது. சுடிதார் டாப். போட்டுப் பார்த்த அந்த அம்மா கண்ணாடி முன்னால் நின்று, இது எங்க அக்காவுக்குத் தைத்ததா என்று கேட்டார். டாப்பின் கை, விரல் நுனி வரை வந்திருந்தது. கீழே மூன்று இஞ்ச் மடிப்பு வேறு.

மாஸ்டர் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"சைடுல விட்டிருக்கீங்க, சரி. சதை போட்டா பிரிச்சுக்குவாங்க. உயரத்துல எதுக்கு விட்டீங்க?"

அம்சவேணி துணியை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தம்மாவுக்கு முப்பத்தெட்டு வயசு. இனிமே உயரமா வளரப் போறாங்களா, டீச்சர்?"

மிஷின்கள் நின்றன. கடையே சிரித்து முடித்த பிறகுதான் மறுபடி ஓடின.

அடுத்த துணியிலும் அதே தப்பு. அதற்கடுத்ததிலும். டேப் நாற்பதில் நிற்கும், சாக்பீஸ் நாற்பத்திரண்டுக்குப் போய்க் கோடு போட்டுவிடும். வளர்கிற பிள்ளைகளுக்கே தைத்த கை, அவள் பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவது துணிக்குப் பிறகு மாஸ்டர் கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டு, கொக்கி தைக்கக் கொடுத்தார்.

கோடை லீவு முடிந்துவிட்டது. சனிக்கிழமை அம்சவேணி மாஸ்டரின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இது எனக்கு வருமா, வராதா? திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. பத்து மணிக்குள்ள பதில் சொல்லியாகணும்."

மாஸ்டர் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். அம்சவேணிக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்துட்டு, அப்புறம் ஸ்கூலுக்குப் போங்க."

"அங்க என்னன்னு சொல்றது?"

"அந்த ஜாக்கெட்டுல ரெண்டு கொக்கி பாக்கி இருக்கு. தைச்சுட்டுக் கிளம்புங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் பீரோவின் மேல்தட்டிலிருந்த பெட்டியை இறக்கினாள். மகளின் நீல பினஃபோர் அதில் இருந்தது. ஆறாம் வகுப்புக்குத் தைத்தது. கீழ் ஓரத்துக்கு மேலே இரண்டு கோடுகள். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மடிப்பைப் பிரித்த தடம்.

அம்சவேணியின் அம்மாவும் அவளுக்கு அப்படித்தான் செய்தாள். கான்வென்ட்டில் சிஸ்டர் எவரிஸ்டா எல்லோரையும் வரிசையாக முட்டி போடச் சொல்வார். யூனிஃபார்மின் ஓரம் தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் டைரியில் சிவப்பு மசியில் இரண்டு வரி. அன்று சாயங்காலம் அம்மா பிளேடும் கையுமாக உட்கார்ந்து, பிரித்த நூலை உதட்டில் ஒட்டவைத்துக்கொண்டு, "எங்கடி போற, இப்படி வளர்ந்து?" என்பாள். தரையில் நீல நூல் துணுக்குகள் கிடக்கும். அதே கேள்வியை அவளும் மகளிடம் கேட்டிருக்கிறாள்.

மகள் சும்மா இருக்கிறவளா? எட்டாவது படிக்கும்போது கேட்டாள்: "எனக்குச் சரியா வர்றப்ப துணி பழசாயிடுதேம்மா?" அப்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பதில் சொன்னதாக ஞாபகமில்லை.

பினஃபோரில் கடைசி மடிப்பு ஒன்று பிரிக்காமலே கிடந்தது. அதற்குள் மகள் வளர்ந்து முடித்துவிட்டாள். அம்சவேணி நகத்தால் மடிப்பை நெம்பிப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. மடிப்புக்குள் மட்டும் துணி கடையில் வாங்கிய அன்றைய நீலம்.

பெட்டியை மூடி மேலே ஏற்றினாள்.

திங்கட்கிழமை, ஸ்கூலுக்குக் கட்டுகிற கஞ்சி போட்ட காட்டன் சேலையில் ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தாள். மாஸ்டரின் மேஜைமேல் நீலத் துணி ஒன்று மடித்து வைத்திருந்தது.

"போட்டுப் பாருங்க."

கோட்டு. தோள் சரியாக உட்கார்ந்தது. கை சரியாக மணிக்கட்டில் நின்றது. டேப் தொடாமல் கண்ணால் எடுத்த அளவு. பையில் கையை விட்டாள். புது சாக்பீஸ் ஒன்று இருந்தது.

ஆனால் இரண்டு மாதம் திட்டு வாங்கிய கண், சும்மா இருக்குமா? குனிந்து கோட்டின் கீழ் ஓரத்தைத் திருப்பினாள். உள்ளே நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு. இழுத்தால் பிரிந்துவிடுகிற மாதிரி கைத்தையல்.

"மாஸ்டர், மடிப்பு விட்டிருக்கீங்க."

"ம்."

"சைடுல இல்ல, உயரத்துல."

"ஆமா."

"எனக்கு வர்ற ஆவணியில நாற்பத்தொன்பது."

மாஸ்டர் மேஜைமேல் ஒரு துணியை விரித்தார். அதே பேங்க் அம்மா கொடுத்துவிட்டுப் போன இன்னொரு துணி. அதன்மேல் கத்தரிக்கோலை வைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி தள்ளினார். பிறகு தன் வேலையைப் பார்க்க அடுத்த மேஜைக்குப் போனார்.

போகிறபோது சொன்னார்.

"வளர்ற புள்ளைக்கு விட்டுத்தானே தைக்கணும்."