மடியில வெச்ச பாட்டு

தலைய இப்படி என் கையில வையி. காலை ஆட்டாத. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். ம் நின்னா கதையும் அங்கயே நின்னுடும், அப்புறம் பெரியம்மாவைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஒரு மலை ஊர்ல பருப்புப் புடைக்கிற அம்மா ஒருத்தி இருந்தா. பேரு தங்கபுஷ்பம். மளிகைக்கடைக்குப் பின்னாடி சாக்கை விரிச்சு உக்காந்து நாளெல்லாம் புடைப்பா. சளக்... சளக்... சளக். அப்புறம் முறத்தை மடியில வெச்சு, குனிஞ்சு கல்லு பொறுக்குவா. அந்த சளக் சளக்குக்கு அவளே ஒரு பாட்டுக் கட்டி வெச்சிருந்தா. "தூசியெல்லாம் பறந்து போ, மணியெல்லாம் மடியில வா"ன்னு. சாமான் வாங்க வர்றவங்க பையைக் கையில வெச்சுக்கிட்டு நின்னு கேட்டுட்டுத்தான் போவாங்க.

ம் சொன்னியா? சரி.

அப்புறம் ஒரு வருஷம் அவ தொண்டையில ஒரு கட்டி வந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. ஆளு பொழைச்சுட்டா, குரல்தான் போயிடுச்சு. பேசினா குசுகுசுன்னு ரகசியம் மாதிரி வரும். பாட வாயைத் திறந்தா வெறும் காத்து. ஆனா பாட்டு உள்ளயே ஓடிட்டிருக்கு பாரு, முறத்தைத் தட்டும்போதெல்லாம் நெஞ்சுல வந்து முட்டும். பாவம், அழுகையா வரும் அவளுக்கு.

அவ வீட்டுக்காரர் அருமைநாயகம் மூட்டை தூக்குறவர். எப்பப் பார்த்தாலும் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருப்பார். அவர் ஒரு நாள் ஒரு நோட்டீஸைக் கொண்டாந்து நீட்டினார். நூலகத்து மாடியில சனிக்கிழமை சனிக்கிழமை கிட்டார் கிளாஸ், யார் வேணா வரலாம், கிட்டாரும் அங்கயே தருவாங்கன்னு போட்டிருந்துச்சு.

"நானா? இந்த வயசுலயா?"ன்னா தங்கபுஷ்பம்.

"கைதான வாசிக்கணும். தொண்டை எதுக்கு?"ன்னார். அந்த மாசத்துக்கே அவர் பேசினது அவ்வளவுதான்.

சரின்னு அவளும் போனா. மொத்தம் பத்துப் பேர். டீச்சர் பேரு ஜெனிட்டா, தங்கபுஷ்பத்தோட மக வயசுதான் இருக்கும். அவ ஒரே ஒரு சட்டம் வெச்சிருந்தா. ஒருத்தர் தப்பு பண்ணினா, எல்லாரும் முதல்லேர்ந்து. பொங்கல் விழாவுல மேடை ஏறணும், ஆளுக்கு ஒண்ணா வீட்டுல பாடுற பாட்டு கொண்டாரணும்னும் சொல்லிட்டா. என் பாட்டை அங்க எப்படியாவது வாசிச்சுடணும்னு தங்கபுஷ்பம் மனசுல முடிச்சுப் போட்டுக்கிட்டா.

முதல் சனிக்கிழமை. அவ விரல் ஒவ்வொண்ணும் நல்லா தடி. ஒரு கம்பிய அமுக்கினா பக்கத்துக் கம்பியும் சேர்ந்து வாயை மூடிக்கும். டொக். எல்லாரும் முதல்லேர்ந்து. மறுபடி டொக். மறுபடி முதல்லேர்ந்து. அவ கிட்டாரு வேற நிக்காம நழுவி நழுவி மடியில வந்து படுத்துக்கும்.

"நிமித்திப் பிடிங்கம்மா"ன்னு ஜெனிட்டா தூக்கி விட்டா.

ரெண்டாவது சனிக்கிழமையும் டொக்கு டொக்குதான். கூடக் கத்துக்கிற போஸ்ட்மேன் குமரேசன் "ஸ்ஸ்ஸ்"னு ஒரு பெருமூச்சு விட்டார். கிட்டாரு மறுபடி மடியில மல்லாந்து கிடக்கு. "அம்மா, அது முறம் இல்லம்மா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் கூட சேர்ந்து சிரிச்சா. படியிறங்கும்போது மட்டும் முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டா.

ம்? ம், தூங்கல. சரி.

மூணாவது சனிக்கிழமை பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரே அமுக்கு. டப்! கம்பியே அறுந்துபோச்சு.

"எங்களுக்கும் விழா இருக்கும்மா"ன்னார் குமரேசன். கெட்ட மனுஷன் இல்ல, அவர் பாட்டும் பாதியிலயே நிக்குது, அந்த எரிச்சல்.

"நான் இனிமே வரல"ன்னா தங்கபுஷ்பம். சொல்லிட்டு கிட்டாரை மடியில சாய்ச்சு, குனிஞ்சு, கல்லு பொறுக்குற மாதிரி அது மேல கையை ஓட்டினா. பழக்கம், போகுமா?

அப்போ ஜெனிட்டா அவளையே பார்த்தா. "அப்படியே இருங்கம்மா, அசையாதீங்க"ன்னுட்டு ஓடிப்போய் மூலையில இருந்த பீரோவைத் திறந்தா. கிரீச்... உள்ளேர்ந்து நீளமா, ஒல்லியா, இடுப்பு ஒடுங்கின ஒரு மரப்பெட்டி எடுத்தா. அதுல மூணே மூணு கம்பி.

"இது டல்சிமர். மடியில படுக்க வெச்சுத்தான் வாசிக்கணும். நிமித்திப் பிடிச்சே பழகினதால இங்க யாரும் இதைத் தொடவே இல்ல."

விரலே வேணாமாம். ஒரு கம்பிய மட்டும் சின்னக் குச்சியால அமுக்கித் தள்ளணும், பாட்டு அதுல நடக்கும். மத்த ரெண்டும் சும்மா ங்ங்ங்னு கூடவே நிக்கும். தங்கபுஷ்பம் குச்சியை வெச்சா. டிங்...ங்ங்ங். வலது கை தானா முறத்துத் தாளத்துக்குப் போயிடுச்சு.

உடனே எல்லாம் வந்துடல. குச்சி வழுக்கும், வேற எங்கயோ போய் நிக்கும், எல்லாரும் முதல்லேர்ந்து. குமரேசன்தான் ஒரு நாள் மூங்கில் குச்சி ஒண்ணு சீவிக் கொண்டாந்து, "இது வழுக்காதும்மா"ன்னு கொடுத்தார்.

அப்புறம் பொங்கல் விழா வந்துச்சு. ஹால் முழுக்கக் கூட்டம். தங்கபுஷ்பம் நடுவுல உக்காந்து ஆரம்பிச்சா. டிங் டிடிங், டிங் டிடிங். ஒம்பது கிட்டாரும் ஜங் ஜங்னு சேர்ந்துக்கிச்சு. கடைக்கு வர்றவங்க, "இது அந்தப் புடைக்கிற பாட்டுல்ல?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. ஆனா வார்த்தை யாருக்கும் நினைப்பு வரல.

அப்போ பின்னாடி நாற்காலி அடுக்குற இடத்துலேர்ந்து ஒரு கரகர சத்தம். "தூசியெல்லாம் பறந்து போ..."

யாரு தெரியுமா? அருமைநாயகம். முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்து கேட்ட மனுஷன், ஒரு நாளும் பாடினவரில்ல. சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. அவர் ஒரு பக்கம் போறார், பாட்டு ஒரு பக்கம் போகுது. வாசிக்கிறவங்க எல்லாரும் தடுமாறி நின்னுட்டாங்க. தங்கபுஷ்பம் குச்சியை எடுத்துட்டு அவரையே பார்த்துக்கிட்டிருந்தா. கண்ணுல தண்ணி, ஆனா சிரிக்கிறா.

ஜெனிட்டா எழுந்தா. அருமைநாயகத்தைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, "ஒருத்தர் தப்பு பண்ணினா எல்லாரும் முதல்லேர்ந்து"ன்னா.

டிங் டிடிங். இந்தத் தடவை ஹால்ல இருந்த அத்தனை பேரும் பாடினாங்க.

அவ்வளவுதான், அவங்க பாடட்டும். எங்க, ஒரு ம்?

ம்மே காணோம். சட்டப்படி பார்த்தா நான் முதல்லேர்ந்து சொல்லணும். வேணாம், கதையும் படுத்துடுச்சு, நீயும் தூங்கு.