டயர் இடுக்கில் இருந்தது

"புத்தம் புது எஸ்யூவி. இதுல உங்க டிரைவருக்கு என்ன சந்தேகம்?" என்று ஷோரூம் மேனேஜர் சிரித்தார்.

மரக்கடை முதலாளிக்கு அவமானமாக இருந்தது. "ஏலே மாசானம், அரை மணி நேரமா வண்டியைச் சுத்துறே. குறையைச் சொல்லு. இல்லேன்னா இன்னியோட வேலையை விட்டுப் போயிரு."

"டிரைவருக்கு வேறென்னய்யா வேணும்? உசரமான சீட்டு, ஏசி, பின்னால பார்க்கக் கேமரா, எல்லாம் இருக்கே" என்றார் மேனேஜர்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். பூசை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல மொதமொத நான் ஏத்தணும்."

"தாராளமா ஏத்து!"

மாசானம் குனிந்தான். டயர் இடுக்கிலிருந்து காய்ந்த எலுமிச்சைத் தோலை நோண்டியெடுத்து மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தான்.

"எனக்கு முன்னால ஒருத்தர் ஏத்திட்டாரே. அவர் ஏன் சார் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்?"

கையெழுத்துப் போடத் திறந்த பேனாவை முதலாளி மெல்ல மூடினார்.